தனிப்பாயும் நினைவுக்கடனும்: புற்றுநோய் நிதிக்காகக் கடலேறுவோர் பற்றி ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

2023 மே மாத இறுதியில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்திலிருந்து ஒரே ஒரு மீட்டர் நீளமுள்ள படகு அட்லாண்டிக்கை நோக்கிப் புறப்பட்டது. உள்ளே இருந்தவர் ஆண்ட்ரூ பெட்வெல்; இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்தவர். கால் நீட்டிப் படுக்க அதில் இடமில்லை. சாப்பாட்டை வைக்கவும் தனி இடம் கிடையாது என்பதால், புரதமும் கொழுப்பும் நிறைந்த கலவை ஒன்றைப் படகின் உட்புறத்துக்கு ஏற்ற அச்சில் வார்த்துப் பதித்திருந்தார். பசிக்கும்போது சுவரிலிருந்து பெயர்த்து, சூடாக்காமலே தின்ன வேண்டியதுதான். போய்ச் சேரவேண்டிய இடம் கார்ன்வாலின் லிசார்ட் முனை, ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவு. அட்லாண்டிக்கைக் கடந்தவற்றிலேயே மிகச் சிறிய படகு என்ற சாதனை ஒரு நோக்கம். ‘கேன்சர் ரிசர்ச் யூகே’ அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவது மற்றொன்று. படகின் பெயர் ‘பிக் சி’. நோயைக் குறிக்கும் சொல்லையே படகுக்குச் சூட்டியிருந்தார்கள்.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே உள்ளே தண்ணீர் புகுந்தது. பெட்வெல் துறைமுகத்துக்குத் திரும்பினார். அங்கே படகைத் தூக்கிக் கரையேற்றும்போது, இனிப் பழுதுபார்க்க முடியாது என்னும் அளவுக்கு அது சேதமடைந்தது. பயணம் அத்துடன் முடிந்தது. ஆனால் அதன் பேரில் தரப்பட்ட நன்கொடை நன்கொடையாகவே நின்றது.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. ஒருவர் தனியே பாய் விரித்துக் கடல் கடப்பதால் புற்றுநோய் ஆய்வுக்கு நேரடியாக ஒரு பயனும் இல்லை. கடலில் எந்த மருந்தும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. பயணம் தோற்றாலும் பணம் தோற்பதில்லை என்றால், கொடுப்பவர்கள் எதற்குத்தான் கொடுக்கிறார்கள்? அப்படி வரும் பணம், இறந்த உறவினரின் நினைவில் தொடங்கி ஆய்வகம் வரை போய்ச் சேருகிறதா, வழியில் வேறு பக்கம் திரும்பிவிடுகிறதா? என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: நிதி, பயணத்தின் வெற்றியைப் பின்தொடர்வதில்லை, படும் பாட்டைப் பின்தொடர்கிறது. இந்த வகை நிதிதிரட்டலின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

எல்லை குறித்து ஒரு சொல். துடுப்புப் படகுப் பயணங்கள் இங்கே பேசப்படவில்லை; குழு நிகழ்வுகள் இறுதியில் ஒப்பீட்டுக்காக மட்டும் வருகின்றன. கடலில் கால் நனைத்ததோடு நின்று, கனடாவின் நிலத்தில் ஓடி நிதி திரட்டிய டெரி ஃபாக்ஸ் ஒரு விதிவிலக்கு. அவரை விட்டுவிட்டு இந்தத் துறையைப் பேச முடியாது.

2. முன்வரலாறு

தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து ‘ஸ்ப்ரே’ என்ற பழைய படகில் புறப்பட்டு 1898 ஜூனில் திரும்பினார். அவருடைய பயணத்தில் அறநிதி எதுவும் கிடையாது. வழியெங்கும் சொற்பொழிவு நிகழ்த்திச் சம்பாதித்தார். பிறகு நூல் எழுதிச் சம்பாதித்தார். தனிப்பயணம் என்பது பார்வையாளரிடம் காசாக்கக்கூடிய ஒன்று என்பதைத் தெளிவாகக் காட்டியவர் அவர். அந்தக் காசு யாருக்கு என்ற கேள்வி பிற்காலத்துக்குரியது.

புற்றுநோயும் தனிப்பாயும் பொதுமக்கள் மனத்தில் ஒன்றாகச் சேர்ந்தது பிரான்சிஸ் சிச்செஸ்டரால். 1958-இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று சொன்னார்கள். அந்த நோயறிதல் சரிதானா என்ற ஐயம் பின்னர் எழுந்தது, அது இருக்கட்டும். 1960-இல் அவர் அட்லாண்டிக்கின் முதல் தனிப்பாய்ப் பந்தயத்தில் 40 நாளில் வென்றார். 1966 ஆகஸ்டில் பிளிமத்திலிருந்து ‘ஜிப்சி மாத் 4’ படகில் கிளம்பி, சிட்னியில் மட்டும் நின்று, 1967 மே மாதம் திரும்பியபோது அவருக்கு 65 வயது. நோய் தீர்ப்பளித்த மனிதர் உலகைச் சுற்றி வந்துவிட்டார் என்ற கதைக்கு நிதிதிரட்டும் பக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அவர் எந்த அறக்கட்டளைக்காகவும் பாய் விரிக்கவில்லை. ஆயினும் பின்வந்தவர்கள் எல்லோரும் பயன்படுத்திய கதைச்சட்டம் அவருடையதே. 1972-இல் அவர் இறந்தது புற்றுநோயால்.

சிச்செஸ்டர் உலகைச் சுற்றித் திரும்பிய அடுத்த ஆண்டே, 1968 ஜூனில், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஃபால்மத்திலிருந்து புறப்பட்டு எங்கும் நிற்காமல் 1969 ஏப்ரலில் திரும்பினார். அவருடைய ‘சுஹைலி’ நம் பம்பாயில் தேக்கில் கட்டப்பட்டது என்பதை இந்திய வாசகருக்கு நினைவூட்டலாம். இந்த ஆய்வுக்கு வேண்டியது அந்தத் தனிப்பாய்ப் பந்தயத்தில் அவர் வென்ற 5,000 பவுண்டு பரிசு. அதே பந்தயத்தில் பொய்யான இருப்பிடங்களை அறிவித்து, இறுதியில் கடலிலேயே காணாமல்போன டொனால்ட் குரோஹர்ஸ்டின் மனைவி மக்களுக்கு அதை அப்படியே கொடுத்துவிட்டார். தனிப்பாய்ப் பயணத்தின் பணம், இழப்பைச் சந்தித்த ஒரு குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். திட்டமிட்ட நிதிதிரட்டலாக இல்லாமல், கூச்சமும் இரக்கமும் கலந்த ஒரு கைமாற்றமாக.

திட்டமிட்ட வடிவம் 1980களில் வந்தது. ஆஸ்திரேலியாவின் கே காட்டீ 1987 நவம்பரில் சிட்னியிலிருந்து கிளம்பி, 189 நாளில் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றித் திரும்பினார். இதைச் செய்த முதல் பெண் அவர். படகுச் செலவுக்கு ஒரு வணிக நிறுவனம். பொதுமக்களிடம் கேட்ட பணம் போதைப்பொருள் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ‘லைஃப் எஜுகேஷன்’ அமைப்புக்கு. பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் திரண்டது. செலவுக்கு ஒரு பை, அறத்துக்கு ஒரு பை என்ற இந்தப் பிரிவினை பின்னால் மிக முக்கியமாகப் போகிறது.

3. நினைவு எதைக் கட்டுகிறது

உறவினரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்கள் அந்த இழப்பைப் பொதுக்காரியமாக மாற்றும் மரபு கடலில் தோன்றியதன்று. நம் நாட்டிலேயே இரண்டு பெரிய எடுத்துக்காட்டுகள் உண்டு. தொராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். மறு ஆண்டே தொராப்ஜி தம் மனைவி பெயரில் ஓர் அறக்கட்டளை நிறுவினார். ரத்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வுக்குப் பன்னாட்டு அறிவியலாளர்களுக்கு உதவித்தொகை தருவதே அதன் முதன்மை வேலை. சில மாதங்களில் தொராப்ஜியும் போய்ச் சேர்ந்தார்; அறக்கட்டளை நின்றது. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 1941-இல் எழுந்தது. சென்னையில், முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்ததுதான் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் வித்து. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. தங்கையின் மரணத்துக்கும் முதல் படுக்கைக்கும் இடையே முப்பது ஆண்டுக்கால விடாப்பிடி இருக்கிறது.

இந்த மரபில் நினைவு நிறுவனமாகிறது. நிறுவியவர் மறைந்தாலும் நிறுவனம் வேலை செய்துகொண்டிருக்கும். கடற்பயண மரபில் நினைவு ஒரு நிகழ்ச்சியாகிறது. அதற்குத் தொடக்கநாளும் முடிவுநாளும் உண்டு. பெரும் செல்வமோ சட்டமன்றச் செல்வாக்கோ இல்லாத ஒரு சாதாரண மனிதருக்கு நிறுவனம் எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஒரு படகும் பிடிவாதமும் மட்டும் இருக்கிறவர்களின் வழி இது.

இவ்வகைக்கு ஜீன் சாக்ரட்டீஸைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் பெண்மணி. நடுவயதுக்கு மேல்தான் பாய் பிடிக்கக் கற்றார். கணவர் ஜார்ஜுடன் ‘நெரெய்டா’ என்ற படகை வாங்கி, ஓய்வுக்காலத்தைக் கடலில் கழிக்கக் கிளம்பினார்கள். 2003-இல் ஜார்ஜ் புற்றுநோயால் இறந்தார். ஜீன் படகை விற்கவில்லை, தனியே ஓட்டினார். 2008-இல் உலகைச் சுற்றி முடிக்க நூறு மைலுக்கும் குறைவாக இருந்தபோது, மெக்சிகோவின் கரையில் படகு தட்டி ஒழிந்தது. அதே பெயரில் இன்னொரு படகு வாங்கினார். 2011 ஜனவரியில் கேப் ஹார்ன் அருகே பேரலை அந்தப் படகைக் கவிழ்த்துப் போட்டது. பழுதுபார்க்கக் கரை சேர வேண்டியதாயிற்று. 2012 அக்டோபரில் கனடாவின் விக்டோரியாவிலிருந்து மறுபடி கிளம்பி, 259 நாள் எங்கும் நிற்காமல், எவர் உதவியும் பெறாமல் 2013 ஜூலையில் திரும்பினார். அப்போது வயது 70. இந்தப் பயணங்களின் வழியே ‘மேரி கியூரி கேன்சர் கேர்’ அமைப்புக்காக நிதி கேட்டார்.

கவனிக்க வேண்டியது, ஐந்தாண்டுக் காலத் தோல்விகள் அந்த வேண்டுகோளை வலுவிழக்கச் செய்யவில்லை என்பது. படகு போனதும் கவிழ்ந்ததும் அவர் கதையின் பகுதிகளாகவே ஆயின. வெற்றி மட்டுமே வேண்டுமென்றால் நிதி 2013-இல்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

நினைவு ஓட்டுபவரிடம் மட்டும் இருப்பதாகவும் எண்ணக்கூடாது. இணையத்தில் உள்ள எந்த நிதிதிரட்டும் பக்கத்தையும் திறந்து பார்த்தால், நன்கொடையாளர் எழுதும் இரண்டு வரிகளில் பாதிக்கு மேல் படகோட்டியைப் பற்றியதாகவே இருக்காது. அப்பாவுக்காக, போன வருடம் போய்விட்ட அக்காவுக்காக, பெயர் சொல்ல விரும்பாத ஒருவருக்காக என்றுதான் இருக்கும். படகோட்டி தம் கணவரின் நினைவைச் சொல்லிக் கேட்கிறார்; கொடுப்பவர் தம் வீட்டுச் சாவைச் சொல்லிக் கொடுக்கிறார். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பணம் கைமாறுகிறது.

4. பணம் போகும் பாதை

இன்று இத்தகைய நிதி மூன்று வழிகளில் நகர்கிறது. பொதுமக்களின் சிறுதொகை முதலாவது. பிரிட்டனில் 2001-இல் செயல்படத் தொடங்கிய ‘ஜஸ்ட்கிவிங்’ போன்ற தளங்கள் இதை எளிதாக்கின. படகோட்டியின் கையில் பணம் படுவதே இல்லை. கொடுத்தவரிடமிருந்து அறக்கட்டளைக்கு நேராகப் போகிறது. 1990-இல் வந்த ‘கிஃப்ட் எய்ட்’ ஏற்பாட்டின்படி, வரிகட்டும் ஒருவர் ஒரு பவுண்டு கொடுத்தால் அரசிடமிருந்து இன்னொரு 25 பென்ஸை அறக்கட்டளை பெற்றுக்கொள்ளலாம். நம் வருமானவரிச் சட்டம் நன்கொடைக்கான சலுகையைக் கொடுப்பவரின் கையில் தருகிறது. பிரிட்டனின் ஏற்பாடு பெறுபவரின் கையில் தருகிறது. நிதிதிரட்டுபவருக்குப் பின்னதே வசதி, ஏனெனில் கேட்கும்போதே தொகை பெருகிக் காட்டுகிறது.

வணிக நிறுவனத்தின் கொடை இரண்டாவது. இதை மிகத் துல்லியமாக வடிவமைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். நான்காண்டுக்கு ஒருமுறை லே சாப்லெ தொலோனிலிருந்து கிளம்பும் வாந்தே குளோப் தனிப்பந்தயத்தில் ‘இனிஷியாத்தீவ்-கெர்’ என்றொரு படகு. அது புற்றுநோய்க்கானதன்று, பிறவி இதயக் குறையுள்ள ஏழைநாட்டுக் குழந்தைகளுக்கு பிரான்சில் அறுவைச் சிகிச்சை செய்யும் அமைப்புக்கானது. இணையத்தில் புதிதாக ஒருவர் படகைப் பின்தொடர்ந்தால் ஆதரவு நிறுவனங்கள் ஒரு யூரோ கொடுக்கும். ஒரு குழந்தையின் சிகிச்சைக்குச் சுமார் 12,000 யூரோ. 2020 டிசம்பரில் அதன் மாலுமி சமந்தா டேவிஸ், நீரில் எதன்மீதோ மோதிப் படகு சேதமாகி, கேப்டவுனில் பந்தயத்திலிருந்து விலகினார். ஆனால் பழுதுபார்த்துக்கொண்டு, பந்தயக் கணக்குக்கு வெளியே, உலகைச் சுற்றி முடித்தே ஊர் திரும்பினார். படகு கடலில் இருக்கும்வரை பின்தொடர்பவர்கள் கூடுவார்கள், கூடுகிற ஒவ்வொருவரும் ஒரு யூரோ. தோற்ற பந்தயத்தைத் தொடர்ந்து ஓட்டுவதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு இருக்க முடியாது.

மூன்றாவது வழி பயணத்துக்குப் பிந்தைய நூல், உரை, படம் ஆகியவை. ஸ்லோகம் தொடங்கிய அதே வழி.

முதல் வழி எப்படி இயங்குகிறது என்பதற்கு ஓர் ஆய்வுச் சான்று உண்டு. லண்டன் மாரத்தான் ஓடியவர்களின் நிதிதிரட்டும் பக்கங்களை சாரா ஸ்மித், ஃப்ராங்க் விண்ட்மெய்ஜர், எட்மண்ட் ரைட் ஆகிய மூவரும் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். முன்பு கொடுத்தவர்களின் சராசரித் தொகை 10 பவுண்டு கூடினால், அடுத்து வருபவர் சுமார் இரண்டரை பவுண்டு கூடுதலாகக் கொடுக்கிறார். அதாவது முதலில் கொடுக்கும் பணக்கார மாமாவின் தொகைதான் பின்னால் வருபவர்களின் அளவுகோல். இதைப் படகோட்டிகளின் பக்கங்களுக்கும் பொருத்திப் பார்க்கத் தடையில்லை என்று கருதுகிறேன். தளமும் ஒன்று, கொடுப்பவர்களின் மனமும் ஒன்று.

5. பாட்டுக்குத் தரும் விலை

கிறிஸ்டோபர் ஒலிவோலாவும் எல்டார் ஷஃபீரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, நிதிதிரட்டலில் துன்பத்துக்குள்ள இடத்தைச் சோதித்தது. இன்பமான விருந்து ஒன்றின் வழியே கொடுக்கச் சொன்னதைவிட, வலியும் முயற்சியும் தேவைப்படும் வழியில் கொடுக்கச் சொன்னபோது மக்கள் அதிகம் கொடுக்க முன்வந்தார்கள். பாடுபடும்போது கொடைக்குப் பொருள் கூடுவதாக அவர்கள் உணர்ந்தார்கள் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். நோக்கம் மனிதத் துயரோடு தொடர்புடையதாக இருக்கையில் இந்த விளைவு வலுக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது ஆய்வு சொல்லித் தெரியவேண்டியதில்லை. நேர்த்திக்கடனுக்கு மடிப்பிச்சை எடுப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டில் காசு இல்லாமல் அல்ல அவர்கள் மடியேந்துவது. வசதியுள்ள குடும்பத்துப் பெண்ணே மஞ்சள் சேலை கட்டி ஏழு வீட்டு வாசலில் நிற்பாள். சொந்தப் பணத்தை உண்டியலில் போட்டால் கடன் தீராது. கேட்கவேண்டும், தாழவேண்டும், பிறர் கை பட்ட அரிசியும் காசும் சேரவேண்டும். படகோட்டியும் தம் படகை விற்று அந்தப் பணத்தை நேராக அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடலாம். பல வேளைகளில் திரளும் நிதியைவிட அதுவே பெரிய தொகையாக இருக்கும். இந்தக் கணக்கைக் காட்டி இப்பயணங்களைக் கேலிசெய்வோர் உண்டு. மடிப்பிச்சையின் இயல்பை அறிந்தவர்கள் அப்படிக் கேலிசெய்யமாட்டார்கள். கேட்பதும் பாடுபடுவதும் கொடையின் பகுதிகள். நூறு பேர் சேர்ந்தால்தான் அது நிறைவேறுகிறது.

இந்த ஒப்புமை ஒரு கட்டத்துக்கு மேல் உதவாது. நேர்த்திக்கடனில் பாட்டின் அளவு மரபால் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஏழு வீடு என்றால் ஏழு வீடு. கடற்பயண நிதியில் அப்படி வரம்பு இல்லை. பாடு கூடக் கூடக் கவனம் கூடும், கவனம் கூடினால் பணம் கூடும் என்றால், அடுத்து வருபவர் முந்தையவரைவிடக் கூடுதல் ஆபத்தை ஏற்கவேண்டும் என்ற நெருக்கடி உண்டாகிறது. சிறுபடகு வரலாறே இதற்குச் சான்று. 1990களின் தொடக்கத்தில் அதே செயின்ட் ஜான்ஸில் லிவர்பூலின் டாம் மெக்னலியும் அமெரிக்காவின் ஹியூகோ விஹ்லனும் எதிர்ப்பட்டார்கள். மெக்னலியின் படகைவிடத் தமது அரை அங்குலமாவது குறையவேண்டுமென்று விஹ்லன் தம் படகை அறுத்துக் குறைத்தார். 1993-இல் ஐந்தடி நான்கு அங்குலப் படகில் 105 நாளில் ஃபால்மத் சேர்ந்தார். மெக்னலி அதைவிடச் சிறிய ஒன்றை உருவாக்க முனைந்தார். அதில் கடல் கடக்குமுன் உடல்நலம் குன்றி இறந்தார். அந்தப் படகுதான் பின்னர் பெட்வெல்லின் கைக்கு வந்த ‘பிக் சி’. ஐந்தடியிலிருந்து மூன்றடிக்கு இறங்கிய இந்த ஏணியில் அடுத்த படி எது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்பது என் கருத்து. இழந்த உயிரின் பெயரால் இன்னோர் உயிரைப் பணயம் வைக்கும் திட்டத்துக்குப் பணம் வாங்கும் அறக்கட்டளைக்கு அதில் ஒரு பொறுப்பு உண்டு.

6. பராமரிப்பா, ஆய்வா

‘புற்றுநோய்க்காக’ என்ற ஒரே சொல்லின் கீழ் இரண்டு வேறுபட்ட செலவுகள் ஒளிந்திருக்கின்றன. ஜீன் சாக்ரட்டீஸ் நிதி கேட்ட மேரி கியூரி அமைப்பின் முதன்மைப் பணி, இறக்கும் நிலையிலுள்ளவர்களை வீட்டுக்கே சென்று கட்டணமின்றிக் கவனிக்கும் செவிலியர் சேவை. எலன் மெக்கார்தர் 2003-இல் தொடங்கிய அறக்கட்டளை, புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 8 முதல் 24 வயது வரையிலான பிள்ளைகளைப் பாய்ப்படகில் அழைத்துச் செல்கிறது. பிரான்சில் இதேபோன்ற ஓர் அமைப்பின் படகில் நோயுற்ற பிள்ளைகளோடு பயணம்செய்த அனுபவம்தான் அவரை அதற்குத் தூண்டியது. 2005-இல் 71 நாளில் தனியே உலகைச் சுற்றிச் சாதனை படைத்த அதே மெக்கார்தர்தான். தலைமுடி இன்னும் முளைக்காத பதினைந்து வயதுப் பையன் சுக்கானைப் பிடிப்பது அங்கே நிதிதிரட்டும் காட்சியன்று, அதுவே சேவை. கடல் வெறும் விளம்பரமாக நிற்காமல் தானே பயன்படும் இடம் இந்தத் துறையில் இத்தகைய அமைப்புகள்தான்.

உறவினர் நினைவு இயல்பாகவே பராமரிப்பின் பக்கம் சாய்கிறது. காரணம் எளிது. கணவரின் கடைசி இரவுகளில் கட்டிலருகே உட்கார்ந்திருந்த செவிலியரை மனைவிக்குத் தெரியும். எந்த ஆய்வகத்தில் எந்த மூலக்கூறு அவர் கணவரைக் காப்பாற்றியிருக்கக்கூடும் என்பது யாருக்கும் தெரியாது. நினைவுக்கு முகம் வேண்டும். ஆய்வுக்கு முகம் கிடையாது.

இந்தச் சாய்வை முறித்தவர் டெரி ஃபாக்ஸ். 1977-இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோய்க்காக அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேல் வெட்டினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்றால் பிழைக்கும் வாய்ப்பு 15 விழுக்காடு; புதிய மருந்துகள் வந்ததால் இப்போது 50 என்று மருத்துவர்கள் அவரிடம் சொன்னார்கள். அந்த 35 விழுக்காட்டு வேறுபாடு ஆய்வால் வந்தது என்பதை அவர் பிடித்துக்கொண்டார். 1980 ஏப்ரல் 12-இல் செயின்ட் ஜான்ஸில் செயற்கைக் காலை அட்லாண்டிக்கில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். பெட்வெல் 43 ஆண்டுக்குப் பின் படகு இறக்கிய அதே ஊர். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே அருகே நிறுத்தினார். நாட்டின் மறுகரை வெகுதொலைவில் இருந்தது. பணமோ, கனடியர் ஒருவருக்கு ஒரு டாலர் என்ற அவருடைய இலக்கைத் தொட்டு, 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலரைத் தாண்டியது. ஜூனில் அவர் இறந்தார்.

ஆய்வுக்கு என்று கேட்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அதை இரண்டு எண்களில் சொல்ல முடிந்தது. தனிப்பாய்ப் பயணிகளில் பலரிடம் இது இருப்பதில்லை. இருக்க முடியாது என்பதில்லை. அண்மைய சான்று ஒன்று கைவசம் இருக்கிறது. 2025 ஜனவரியில் சார்லி தாலின் 64 நாள் 19 மணியில் வாந்தே குளோப் பந்தயத்தை வென்று பழைய சாதனையை முறியடித்தார். அந்தப் பந்தயம் முழுவதும் தாம் இரைப்பை-குடல் பகுதிப் புற்றுக்கட்டிக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்ததை அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளிப்படுத்தினார். ஜிஸ்ட் எனப்படும் அவ்வகைக் கட்டி, பழைய கீமோதெரபி மருந்துகளுக்கு மசியாதது. 1998-இல் ஜப்பானின் ஹிரோட்டா குழுவினர் அதன் வேரிலுள்ள ‘கிட்’ மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். வேறொரு ரத்தப் புற்றுநோய்க்காக உருவான இமாட்டினிப் மாத்திரை அதே இலக்கைத் தாக்கும் என்பது புரிந்து, 2002-இல் அமெரிக்காவில் ஜிஸ்ட்டுக்கும் அனுமதி பெற்றது. அந்தக் கதவு திறந்த பிறகே இந்நோயாளிகளுக்கு ஆண்டுக்கணக்கில் இயல்பான வாழ்க்கை சாத்தியமாயிற்று. புற்றுநோய் ஆய்வு எதைச் சாதித்தது என்று கடலில் காட்டவேண்டுமானால், நிதி கேட்காமலே வென்றுவிட்டு வந்த தாலினைக் காட்டலாம்.

7. தனிமையின் மறுபக்கம்

தனியே செல்பவர் உண்மையில் தனியே இல்லை. கடலில் மோதல் தவிர்க்கும் 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளில் ஐந்தாவது, எந்நேரமும் கண்காணிப்பு வேண்டும் என்கிறது. தனிமாலுமி எப்படியும் தூங்கித்தான் ஆகவேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு மணியடிப்பான், அருகில் கப்பல் வந்தால் கத்தும் ஏஐஎஸ் கருவி, காற்றைப் பார்த்துத் தானே சுக்கானைத் திருப்பும் கருவி ஆகியவற்றை நம்பித் தூங்குகிறார். விதியின் எழுத்துப்படி அது மீறல்தான். கடலுலகம் கண்டும் காணாமல் இருக்கிறது.

மீட்புச் செலவு அதைவிடக் கனமான விஷயம். 1997 ஜனவரியில் தென்பெருங்கடலில் டோனி புல்லிமோரின் படகு கவிழ்ந்து, நான்கு நாள் தலைகீழான படகுக்குள் இருட்டில் கிடந்தார். ஆஸ்திரேலியக் கடற்படையின் ‘அடிலெய்டு’ கப்பல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிப்போய் அவரை மீட்டது. அவர் நிதிதிரட்டச் சென்றவரல்லர். ஆனால் நிதிதிரட்டச் செல்பவருக்கும் அதே கப்பல்தான் வரவேண்டியிருக்கும். அந்தச் செலவு எந்த நன்கொடைப் பக்கத்திலும் எழுதப்படுவதில்லை.

தொகைக் கணக்கும் தனிமைக்குச் சாதகமாக இல்லை. கேன்சர் ரிசர்ச் யூகே ஆய்வுக்கு ஆண்டுதோறும் 40 கோடி பவுண்டு அளவில் செலவிடுகிறது. அதற்குப் பெரும் தூணாக நிற்கும் ‘ரேஸ் ஃபார் லைஃப்’ ஓட்டம் 1994-இல் லண்டன் பேட்டர்சி பூங்காவில் 680 பெண்களோடு தொடங்கியது. முதல் ஆண்டில் 36,000 பவுண்டு, தலைக்கு 53 பவுண்டு. யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லாத ஐந்து கிலோமீட்டர். முதுகில் ஓர் அட்டையைக் குத்திக்கொண்டு, அதில் அம்மாவின் பெயரையோ தோழியின் பெயரையோ எழுதிக்கொண்டு ஓடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. அது இன்றுவரை திரட்டியது 90 கோடி பவுண்டுக்கு மேல்.

8. நிகழ்ச்சியிலிருந்து ஏற்பாட்டுக்கு

ஆய்வுக்கு வேண்டியது ஒருமுறைப் பெருந்தொகையன்று, ஆண்டுதோறும் நிற்காமல் வரும் தொகை. ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகையே மூன்று நான்கு ஆண்டு நீளும். ஆகவே பயணம் முடிந்தபின் எது மிஞ்சுகிறது என்பதே சரியான உரைகல். படகுச் செலவையும் கொடையையும் தனித்தனிக் கணக்கில் காட்டுவது, பணம் ஆய்வுக்கா பராமரிப்புக்கா என்று முதல் வரியிலேயே சொல்வது ஆகியவை குறைந்தபட்ச நேர்மை. பல பக்கங்களில் இது தெளிவாக இருப்பதில்லை. கொடுப்பவர் எரிபொருளுக்கும் பாய்த்துணிக்கும் கொடுத்தாரா, ஆய்வகத்துக்குக் கொடுத்தாரா என்று அவருக்கே தெரியாத நிலை நல்லதன்று. இந்த இடத்திலும் ஃபாக்ஸ்தான் வழிகாட்டி: தம் ஓட்டத்தைக் காட்டி எந்தப் பொருளையும் விற்க அவர் யாரையும் அனுமதிக்கவில்லை.

ஃபாக்ஸின் ஓட்டத்தை ஆண்டு நிகழ்வாக்கும் யோசனை வந்தது ஐசடோர் ஷார்ப்பிடமிருந்து. ஃபோர் சீசன்ஸ் ஓட்டல்களின் நிறுவனர். 1978-இல் தம் பதின்வயது மகனைத் தோல் புற்றுநோய்க்கு இழந்தவர். நினைவு இம்முறை ஓடுபவரிடம் இல்லை, கொடுப்பவரிடம் இருந்தது. 1981 செப்டம்பரில் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டு 35 லட்சம் டாலர் சேர்த்தார்கள். அதில் முதலிடம் கிடையாது, பரிசும் கிடையாது.

பாய்ப்படகு உலகிலும் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் அலபாமாவின் பர்மிங்காமில் தொடங்கிய ‘லுக்கேமியா கப்’ படகுப் பந்தயங்கள், அமெரிக்காவின் பல நீர்நிலைகளில் உள்ளூர்ப் படகுச் சங்கங்களால் நடத்தப்படுகின்றன. வசூலாகும் பணம் ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்கும் நோயாளிகளுக்கான உதவிக்கும் போகிறது. 1994 முதல் அதன் தேசியத் தலைமைப் பொறுப்பில் இருந்த கேரி ஜாப்சன், 1977-இல் அமெரிக்காஸ் கோப்பையை வென்ற ‘கரேஜியஸ்’ படகில் உத்தி வகுத்தவர். அந்தப் பொறுப்பேற்று ஒன்பது ஆண்டு கழித்து அவருக்கே நிணநீர்ப் புற்றுநோய் வந்தது, அதிலிருந்து மீண்டு வந்தார். இப்பந்தயங்களில் யாரும் தனியே போவதில்லை, பெருங்கடலுக்கும் போவதில்லை. ஏரியிலோ வளைகுடாவிலோ ஒரு நாள் ஓட்டிவிட்டு, மாலையில் வீடு திரும்பி, அடுத்த ஆண்டும் வருகிறார்கள்.